எல்லார்க்கும் திறந்த பூங்கா
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் பேசுவது மரபு. இவ்வாண்டு செயற்குழுவினர் நமக்கு அளித்த பொருள் சற்றே வேறானது. உடற்குறை உடையோர் பொதுப் பூங்காவுக்குச் சென்று, மற்றவரைப் போலவே உலவி, மகிழ்ந்து, இல்லம் திரும்புவது எங்ஙனம் என்பதே அப்பொருள். இதனை மாநகராட்சிக்கும் பொறியாளர்க்கும் உரிய பொருள் என்று சிலர் எண்ணலாம். ஆண்டுதோறும் இன்பச் சுற்றுலா நடத்தும் நம் போன்ற சங்கத்துக்கு இதைவிட நெருங்கிய பொருள் வேறில்லை என்பது நம் கருத்து. அதற்குரிய காரணங்களை வரிசையாகக் கூற முற்படுகிறோம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு சொல். முன்னாளில் ‘ஊனமுற்றோர்’ என்று எழுதிவந்த தமிழுலகம் இன்று ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று எழுதுகிறது. நாம் வாழும் இந்நாட்டு மலையாளத்திலும் ‘விகலாங்கர்’ என்னும் பழஞ்சொல் ஒதுங்கி, ‘பின்னசேஷிக்காரர்’ என்பது வழக்கில் வந்துள்ளது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் பெயர்ப்பலகையில் சொல் மாறியதனால் மட்டும் அதன் கீழுள்ள மூன்று படிக்கட்டுகள் மாறிவிடுவதில்லை. சொல்லில் காட்டிய மதிப்பைக் கல்லிலும் காரையிலும் காட்டும்போதுதான் அம்மாற்றம் முழுமை பெறும்.

இவர்கள் எத்தனை பேர்? 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர்; கேரளத்தில் ஏறக்குறைய 7 லட்சத்து 60 ஆயிரம் பேர்; தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதே கணக்கெடுப்பின்படி, அறுபது வயதைக் கடந்தோரின் விகிதம் இந்திய மாநிலங்களுள் கேரளத்திலேயே மிகுதி. முழங்கால் நோவுடைய பாட்டியாரையும், பார்வை மங்கிய தாத்தாவையும், பிள்ளைத் தொட்டிலை வண்டியில் வைத்துத் தள்ளிவரும் இளந்தாயையும் இக்கணக்கோடு சேர்த்துக்கொண்டால், படிக்கட்டு தடையாக நிற்காத வீடு நம் குடியிருப்பில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மற்றொன்றும் கருதத்தக்கது. பிறந்த ஊரில் வாழ்வோர்க்கு அண்டை வீட்டில் அத்தையும் எதிர்வீட்டில் சித்தப்பாவும் இருப்பர். பிழைப்பு நாடி வேற்றூர் வந்து குடியேறிய நமக்கு அத்தகைய துணை குறைவு. எனவே வீட்டில் நடக்க இயலாத ஒருவர் இருந்தால், சுற்றுலா நாளன்று அவரைக் காக்க மற்றொருவரும் வீட்டில் தங்கிவிடுகிறார். அவர் பெரும்பாலும் அவ்வீட்டு மருமகளாகவோ தாயாகவோ இருப்பார். ஆகவே ஒரு படிக்கட்டு ஒருவரைத் தடுப்பதில்லை, இருவரைத் தடுக்கிறது. அவ்விருவரும் குறை சொல்வதுமில்லை. பெயர்ப் பட்டியலில் தம் பெயரைக் கொடாமல் அமைதியாக நின்றுவிடுகின்றனர். அவ்வமைதியை விருப்பமின்மை என்று பிறர் பொருள் கொள்வதும் உண்டு.

நம் திருவனந்தபுரத்தில் பூங்காக்களுக்குக் குறைவில்லை. அருங்காட்சியகத் தோட்டம் ஒன்றே போதும், இந்நகருக்குப் பெருமை சேர்க்க. 1857-ஆம் ஆண்டில் அருங்காட்சியகமும், அதனைத் தொடர்ந்து 1859-இல் விலங்குக் காட்சிசாலையும் மக்களுக்குத் திறக்கப்பட்டன. இன்று நாம் காணும் நேப்பியர் அருங்காட்சியகக் கட்டடம் 1880-இல் நிறைவெய்தியது. சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் தாங்கிய அம்மாளிகையை வரைந்தவர் இராபர்ட் சிசோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனெட் மாளிகையை வரைந்தவரும் அவரே. விலங்குக் காட்சிசாலை மட்டும் ஏறக்குறைய 55 ஏக்கர் பரப்புடையது. மேடும் சரிவும் ஏரியும் கலந்த நிலம். அருகிலுள்ள கனகக்குன்னு, தன் பெயரிலேயே குன்றைச் சுமந்து நிற்கிறது. மேற்கே சங்குமுகத்து மணல்வெளியும், காயலும் கடலும் கைகோக்கும் வேளியும் உள்ளன. இவை யாவும் பொதுச் சொத்து. பொதுச் சொத்தெனில் அனைவர்க்கும் உரியவை அன்றோ?

இப்பூங்காக்களின் வாயில் எங்கே தொடங்குகிறது என்பதே நாம் இன்று கேட்க வேண்டிய கேள்வி. சீட்டு வாங்கும் இடத்தில் என்று பலர் கூறுவர். சக்கர நாற்காலியில் செல்பவர்க்கு அது தம் வீட்டு வாயிற்படியில் தொடங்குகிறது. தம்பானூரிலிருந்து ஒருவர் அருங்காட்சியகத் தோட்டத்துக்குப் புறப்படுகிறார் என்று கொள்வோம். வீட்டுப் படியை இறங்க வேண்டும். ஓடையை மூடிய பலகைக் கற்களின் மேல் செல்லும் நடைபாதையைக் கடக்க வேண்டும். மழைக்காலமாயின் தேங்கிய நீரையும் கடக்க வேண்டும். பேருந்தில் ஏற வேண்டும். பாளையம் வழியாகச் சென்று இறங்க வேண்டும். சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். அதன் பின்னரே பூங்காவின் கதவு. உள்ளே பாதையும், இருக்கையும், குடிநீரும், கழிப்பறையும் ஏற்றவாறு இருத்தல் வேண்டும். பின்னர் அத்தனையும் மறுபடி கடந்து வீடு திரும்ப வேண்டும்.

இது ஒரு சங்கிலி போன்றது. பத்துக் கண்ணிகளில் ஒன்பது உறுதியாக இருந்து ஒன்று அறுந்திருந்தால், சங்கிலி அறுந்ததே ஆகும். பூங்காவில் செம்மையான கழிப்பறை கட்டி, அதன் வாயிலில் ஒரு படியை விட்டுவிட்டால், அக்கழிப்பறை அவர்க்கு இல்லாததற்கு ஒப்பாகும். உள்ளே கழிப்பறை இல்லையென்று அறிந்தவர், காலையிலிருந்து தண்ணீர் அருந்தாமல் வருவார். அல்லது வராமலே இருப்பார். ஆதலால் ‘சாய்தளம் இருக்கிறது’ என்று ஒரு விடையோடு நின்றுவிடாமல், வீட்டிலிருந்து வீடு வரை வழி அறாமல் இருக்கிறதா என்று ஆராய்வதே முறை.

இதற்கு வேண்டிய அளவுகள் மறைபொருள் அல்ல; எந்தக் கொத்தனாரும் அறியக்கூடியவை. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமாயின், பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். இதனை 1-க்கு 12 என்பர். ஆறு அங்குலப் படிகள் மூன்று இருந்தால் உயரம் ஒன்றரை அடி. சாய்தளம் பதினெட்டு அடி. ஆனால் பல இடங்களில் மூன்று படிகளின் மேல் நான்கடிப் பலகை போலச் சிமிட்டியைப் பூசிவிட்டு, கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகின்றனர். அவ்வளவு செங்குத்தான சரிவில் நாற்காலியைத் தள்ளி ஏற்றுவோர் மூச்சிரைப்பர்; இறங்கும்போதோ நாற்காலி கைமீறி ஓடும். நீண்ட சாய்தளமாயின் இடையிடையே இளைப்பாறச் சமதளமும், இருபுறமும் கைப்பிடிக் கம்பியும் வேண்டும். கதவு மூன்றடி அகலம் திறத்தல் வேண்டும். நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப ஐந்தடி இடம் வேண்டும். ஓர் அளவு நாடாவும் ஒரு ரசமட்டமும் இருந்தால், பள்ளிச் சிறுவரும் இவற்றைச் சரிபார்த்துவிடலாம்.

வாயிற்கதவைப் பற்றித் தனியே கூற வேண்டும். மோட்டார் சைக்கிள் நுழையாமலும் மாடு புகாமலும் இருக்கப் பூங்கா வாயிலில் சுழல்கதவும் நெருக்கமான தூண்களும் நடுவது வழக்கம். அவை மாட்டைத் தடுப்பதோடு சக்கர நாற்காலியையும் தடுக்கின்றன. இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், நகர மக்கள் இளைப்பாறுவதற்கென்று நகரையடுத்து நாட்டுப்புறப் பூங்காக்கள் பல தோன்றின. அந்நாட்டு வயல்வெளிப் பாதைகளில் வேலியைத் தாண்ட ஏறுபடி வைப்பது பழைய வழக்கம். இன்று அங்கு ஒரு நன்னெறி வகுத்துள்ளனர். வேலியில் திறந்த இடைவெளி விடுவதே முதன்மை; அது இயலாதாயின் எளிதில் திறக்கும் கதவு; அதுவும் இயலாதபோதுதான் ஏறுபடி. தடை எவ்வளவு குறைவாக இருக்க முடியுமோ அவ்வளவு குறைவாக இருக்கட்டும் என்பதே அந்நெறியின் சாரம். நம் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். சுழல்கதவு இருந்தே ஆக வேண்டுமாயின், அதன் பக்கத்திலேயே மூன்றடிக் கதவொன்று இருக்கட்டும். அக்கதவுக்குப் பூட்டிட்டுத் திறவுகோலை எங்கோ வைப்பது மட்டும் கூடாது.

உள்ளே நுழைந்தபின் நிலம் பேசும். சரளைக்கல் கண்ணுக்கு அழகு; நாற்காலியின் முன்னுள்ள சிறு சக்கரங்களோ அதில் புதையும். மழையில் பாசி படரும் கற்பாதை ஊன்றுகோலை வழுக்கச் செய்யும். இறுகிய, சமமான, வழுக்காத பாதை ஒன்று பூங்காவின் முக்கிய இடங்களை இணைத்தால் போதும். எல்லாப் பாதையும் அவ்வாறு இருக்க வேண்டுவதில்லை. சற்றுத் தொலைவுக்கு ஒன்றாக, சாய்மானமும் கைதாங்கியும் உள்ள இருக்கைகள் வேண்டும். கைதாங்கி இல்லாத திண்ணையில் அமர்ந்த முதியவர் எழுவதற்குப் படும் பாட்டை நாம் அனைவரும் அறிவோம். இருக்கையின் பக்கத்தில் ஒரு நாற்காலி நிற்கும் அளவு இடம் விட்டால், கணவரும் மனைவியும் அருகருகே இருந்து பேசலாம்.

கண் தெரியாதவர்க்குப் பூங்கா எதற்கு என்று கேட்பாரும் உளர். மணத்துக்கும் ஒலிக்கும் காற்றுக்கும் கண் வேண்டுவதில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் தாவரவியல் தோட்டத்தில் 1955-ஆம் ஆண்டிலேயே பார்வையற்றோரைக் கருதி நறுமணத் தோட்டம் ஒன்றை அமைத்தனர். நம் கேரளத்திலும் கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில், தொட்டும் முகர்ந்தும் செடிகளை அறியத்தக்க பகுதி உண்டு. இரயில் நிலையங்களில் நாம் காணும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களும் பார்வையற்றோர்க்காகத் தோன்றியவையே. ஜப்பானியராகிய செயிச்சி மியாகே 1965-இல் கண்டறிந்த அக்கற்கள், 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதல் பதிக்கப்பட்டன. நீண்ட கோடுகள் ‘செல்க’ என்றும், புள்ளிகள் ‘நிற்க’ என்றும் காலுக்கு உணர்த்தும். அவற்றின் மேல் கடைப்பலகையும் வண்டியும் வைப்பது, பிறர் படிக்கும் புத்தகத்தின் மேல் மையைக் கொட்டுவதற்கு நிகர். தலைமட்டத்தில் தாழ்ந்து தொங்கும் கிளையை வெண்கோல் அறியாது. ஆதலின் கிளைகளை உரிய காலத்தில் வெட்டுவதும் இப்பணியில் அடங்கும்.

செவிப்புலன் குறைந்தோர்க்கு ஒலிபெருக்கி அறிவிப்பால் பயனில்லை. தெளிவான எழுத்துப் பலகையே துணை. கூட்டத்தையும் இரைச்சலையும் பொறுக்க இயலாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு ஓர் அமைதியான மூலை வேண்டும். இத்தகைய குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் கலந்து விளையாடும் இடம் வேண்டுமென்று பெங்களூரில் பெற்றோர் சிலர் ஒன்றுகூடி, ‘கிளிகிளி’ என்னும் அமைப்பை ஏற்படுத்தி, மாநகராட்சியுடன் சேர்ந்து பூங்காக்களில் அவ்வாறே செய்து காட்டினர். பொதுமக்கள் சிலர் முன்வந்தால் எவ்வளவு இயலும் என்பதற்கு அஃது ஒரு சான்று.

நமக்கு மிக அண்மையான சான்று சென்னை மெரினா. அம்மணல்வெளியில் நாற்காலி ஓடாது. ஆகவே கடலலையில் கால் நனைப்பது நடக்க இயலாதோர்க்குக் கனவாகவே இருந்தது. உலக மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டிச் சில நாட்கள் மட்டும் தற்காலிகப் பாதை இடுவர்; பின்னர் எடுத்துவிடுவர். நிலையான பாதை வேண்டுமென்று உரிமை இயக்கத்தினர் பல்லாண்டுகள் வேண்டிவந்தனர். இறுதியில் 2022 நவம்பர் 27-ஆம் நாள், 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உடைய மரப்பாதை திறக்கப்பட்டது. அதுவரை கரையிலேயே இருந்தவர்கள் அலையருகே சென்ற காட்சியை நாளிதழ்களில் கண்டோம். இரண்டு வாரம் கழிவதற்குள் மாண்டஸ் புயல் வந்து அப்பாதையின் ஒரு பகுதியைச் சிதைத்தது. அதனைச் செப்பனிட்டு மீண்டும் திறந்தனர். இதிலிருந்து நாம் அறியும் பாடங்கள் இரண்டு. கேட்டுக்கொண்டே இருந்தால் கிடைக்கும் என்பது ஒன்று. கட்டுவது சில மாத வேலை, காப்பது எந்நாளும் வேலை என்பது மற்றொன்று.

கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டா? உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே கூறிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளைக் கூறுகிறது; பொழுதுபோக்கிலும் பண்பாட்டு வாழ்விலும் பங்குகொள்வதை உரிமையாகவே வகுக்கிறது. பழைய பொதுக் கட்டடங்களையும் ஐந்தாண்டுக்குள் திருத்த வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் அளவுமுறை பற்றிய விதி, ‘செய்தால் நன்று’ என்னும் பரிந்துரை அளவில் நின்றுவிட்டது. பார்வைக் குறையுடைய ராஜீவ் ரத்தூரி என்பார் 2005-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ஆம் நாள் தீர்ப்பளித்து, அவ்விதி சட்டத்துக்கு முரணானது என்றும், கட்டாயமான அளவுமுறைகளை மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. கேரளச் சுற்றுலாத் துறையும் தடையற்ற சுற்றுலா என்னும் திட்டத்தை மேற்கொண்டு, 2019-இல் உலகச் சுற்றுலா அமைப்பின் பாராட்டு திரிச்சூருக்குக் கிடைக்கும்படி செய்தது. ஆகவே நாம் கேட்பது கருணை அன்று. சட்டம் முன்னரே ஒப்புக்கொண்ட ஒன்றை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். ‘நம் இளைஞர் நால்வர் இருக்கின்றனர், நாற்காலியோடு தூக்கிச் சென்றுவிடமாட்டார்களா? இதற்கு இத்தனை ஏற்பாடு எதற்கு?’ என்று அன்பின் மிகுதியால் சிலர் கேட்பர். அவ்வன்பை நாம் குறை கூறவில்லை. ஆயினும் தூக்கப்படுபவர் நெஞ்சில் புகுந்து பார்த்தல் வேண்டும். பலர் பார்க்கத் தூக்கிச் செல்லப்படுவது ஒருவர்க்கு நாணம். கால் இடறினால் என்ன ஆகுமோ என்பது அச்சம். மற்றவர்க்குச் சுமையானோமே என்பது துயரம். மின்சார நாற்காலியோ நால்வரும் எளிதில் தூக்க இயலாத கனமுடையது. மேலும் தூக்குவோர் வந்தால்தான் அவர் வெளியே செல்லலாம். தாம் விரும்பிய மாலைப்பொழுதில் செல்ல இயலாது. சாய்தளமோ எந்நேரமும் அங்கேயே இருக்கும். யாருக்கும் நன்றி கூற வேண்டியதில்லை. தோள் கொடுக்கும் அன்பினும் வழி அமைக்கும் அன்பு நெடுநாள் நிற்பது.

‘செலவு ஆகுமே’ என்பது மற்றோர் ஐயம். புதிதாகக் கட்டும்போதே சாய்தளத்தையும் அகன்ற கதவையும் வரைபடத்தில் சேர்த்தால் செலவு சிறிது. கட்டி முடித்தபின் இடித்துத் திருத்துவதே பெருஞ்செலவு. கிளை வெட்டவும், பூட்டைத் திறக்கவும், பாதையில் நிற்கும் வண்டியை அகற்றவும் செலவே இல்லை.

இனி, நம் சங்கம் செய்யத்தக்கவை சிலவற்றை முன்வைத்து நம் உரையை முடிக்க விரும்புகிறோம்.

முதலாவது, சுற்றுலா அறிவிப்பை அனுப்பும்போதே, ‘உங்கள் வீட்டிலிருந்து வருவோர்க்கு என்ன வசதி வேண்டும்?’ என்னும் ஒரு வரியையும் சேர்ப்போமாக. கேட்கப்படாதவர் கூறமாட்டார், கேட்டால் கூறுவர். இரண்டாவது, இடத்தைத் தேர்ந்தபின் விழாக்குழுவினர் ஒருமுறை முன்னதாகச் சென்று, நாம் மேலே கூறிய அளவுகளைப் பார்த்து வரட்டும். அக்குழுவில் சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ செல்பவர் ஒருவரும், பார்வைக் குறையுடையவர் ஒருவரும் இருத்தல் இன்றியமையாதது. செருப்பு எங்கே கடிக்கிறது என்பதை அணிந்தவர்தாமே கூற வல்லார்? மூன்றாவது, மடக்கு நாற்காலி ஒன்றும், எடுத்துச் செல்லத்தக்க சாய்பலகை ஒன்றும் சங்கத்தின் உடைமையாக வாங்கி வைப்போமாக. திருமணத்துக்கும் மருத்துவமனைக்கும்கூட அவை குடியிருப்பிலுள்ள அனைவர்க்கும் பயன்படும்.

நான்காவது, குறை கண்ட இடத்தில் வெறுமனே குறைகூறாது, அளவுகளோடு எழுதுவோமாக. ‘வசதி போதாது’ என்னும் கடிதம் கோப்பில் உறங்கும். ‘இன்ன வாயிலில் உயரம் இத்தனை, இருக்கும் சாய்தளம் இத்தனை அடி, வேண்டுவது இத்தனை அடி’ என்னும் கடிதத்துக்கு விடை கூறியாக வேண்டும். அருங்காட்சியகத் துறைக்கும் மாநகராட்சிக்கும் மலையாளத்தில் எழுதுவோம். வேண்டுமாயின் சட்டத்தின்படி அமைந்த மாநில ஆணையர்க்கும் எழுதுவோம். இந்நாட்டு மலையாள நண்பர்களும் இதில் நம்மோடு கைகோப்பர் என்பதில் ஐயமில்லை. அவர்கள் வீட்டிலும் முதியோர் உளர். ஐந்தாவதாக, முதல் அளவை நம் சங்கக் கூடத்து வாயிற்படியிலிருந்தே எடுப்போமாக. பிறர் கதவைத் தட்டுமுன் நம் கதவை அகலத் திறத்தல் முறை.

மரமும் நிழலும் பறவையின் குரலும் யாருக்கும் மறுக்கப்படாதவை. மறுப்பது, இடையிலுள்ள ஆறங்குலக் கல் ஒன்றே. அக்கல் இயற்கையின் படைப்பன்று; மனிதர் வைத்தது. மனிதர் வைத்ததை மனிதர் எடுத்துவிடலாம். அடுத்த சுற்றுலாப் பட்டியலில் நம் குடியிருப்பின் எல்லா வீட்டுப் பெயரும், எல்லா வீட்டிலும் எல்லார் பெயரும் இடம்பெற வேண்டும் என்பதே நம் விருப்பம். அதற்கு இளைஞர்கள் அளவு நாடாவோடு முன்வருவார்களாக.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!